இருபத்தோராவது கொள்கை



போன மாதம் நம் அலுவலகத்துக்கு ஒரு தடித்த தபால் வந்தது. அனுப்பியவர் கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, நம் நெடுநாள் வாசகி. வீட்டை ஒழித்து வெள்ளையடித்தபோது பரணிலிருந்து தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இறக்கியிருக்கிறார்கள். அதில் ஒரு சின்னப் புத்தகம். "தூக்கிப்போட மனசு வரவில்லை. உங்களிடம் இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார்.

சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவுதான். நடுவில் அடித்த இரண்டு பின்களும் துருப்பிடித்து, அந்தத் துரு பக்கங்களில் இறங்கியிருக்கிறது. சுதந்திராக் கட்சியின் அடிப்படைக் கொள்கைகள், மொத்தம் 21. தாத்தா பென்சிலும் கையுமாகப் படிக்கிறவர் போலிருக்கிறது. பிடித்த இடத்தில் ஒரு கோடு, பிடிக்காத இடத்தில் ஒரு பெருக்கல் குறி. கடைசிக் கொள்கைக்கு மட்டும் இரண்டு கோடு. பக்கத்தில், அழுத்தி எழுதிய சிறு எழுத்தில் ஒரு கேள்வி: "அப்படியானால் நாம் எதில்தான் ஒன்று?"

நாலைந்து நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்த மாதம் உங்களோடு பேச வேறு விஷயம் எடுத்து வைத்திருந்தேன். அதை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

இளைய வாசகர்களுக்குச் சுதந்திராக் கட்சி என்ற பெயரே புதிதாக இருக்கலாம். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தை நோக்கி நாடு போக வேண்டும், நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று தீர்மானம் போட்டது. உழுகிறவன் வரப்பை அழித்துவிட்டு எல்லோருடைய நிலத்தையும் ஒன்றாக்கப் போகிறார்கள் என்ற பயம் கிராமங்களில் பரவியது. ஜூன் 4-ஆம் தேதி சென்னையில், ராஜாஜி புதுக் கட்சியை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 80. முதலமைச்சர், கவர்னர் ஜெனரல் எல்லாம் பார்த்து முடித்தவர். அந்த வயதில் மனிதர்கள் சாய்வு நாற்காலியைத் தேடுவார்கள். அவர் நேருவை எதிர்த்துக் கட்சி தேடினார். ஆகஸ்டில் பம்பாயில் மாநாடு கூடியது. 1962-ல் மக்களவையில் 18 இடம். 1967-ல் 44 இடம் பிடித்து நாட்டின் மிகப் பெரிய எதிர்க்கட்சியானது. 1971-ல் 8. 1974-ல் கட்சியே இல்லை. மொத்த ஆயுள் பதினைந்து ஆண்டு.

பழமைவாதக் கட்சி என்றுதான் அதை எதிரிகள் சொன்னார்கள். ஜமீன்தார்களும் ராஜாக்களும் சேர்ந்த கூடாரம் என்பது அன்றைய மேடைப் பேச்சுகளில் அடிக்கடி வந்த ஏச்சு. பாதி உண்மை இருந்ததால்தான் அந்த ஏச்சு ஒட்டிக்கொண்டது. மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும் என்பதற்காக அந்த மேடையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தலைவர் என்.ஜி.ரங்கா. குண்டூர் மாவட்டத்து நிடுப்ரோலுவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, நம் பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்தவர். 1930-களில் ஆந்திரத்து ஜமீன்களுக்கு எதிராக ரயத்துகளைத் திரட்டியவர். பொதுச் செயலாளர் மினு மசானி. பம்பாய் பார்சி. 1934-ல் ஜெயப்பிரகாஷ் நாராயணோடு சேர்ந்து காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர்; பிறகு சோவியத் ரஷ்யாவின் நடப்பைப் பார்த்து மனம் கசந்து, தனிமனித சுதந்திரமே பெரிது என்று திரும்பியவர். துணைத் தலைவர் கே.எம்.முன்ஷி, பாரதிய வித்யா பவனை நிறுவியவர், பண்பாடு, மரபு என்பதே மூச்சானவர். பிறகு வந்து சேர்ந்தார் பீகாரின் ராம்கர் ராஜா காமாக்ய நாராயண் சிங். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி வந்தார். 1962-ல் பதிவான 2,46,516 வாக்குகளில் 1,92,909 வாக்குகளை அவரே வாங்கியது உலக சாதனைப் புத்தகத்தில் ஏறியது.

ஜமீனை எதிர்த்து ரயத்துகளைத் திரட்டியவரும் ஜமீன்தாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்த கட்சி இது. பழமையைக் காப்பது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அவர்களில் ஒவ்வொருவரும் காக்க வந்த பொருள் வேறு வேறு. ரங்காவுக்கு உழவனின் வயல். ராஜாக்களுக்கு அரண்மனையும் மானியமும். பம்பாய் வியாபாரிகளுக்கு லைசென்ஸ் இல்லாமல் தொழில் நடத்தும் உரிமை. முன்ஷிக்குப் பாரதப் பண்பாடு. மசானிக்கு எந்த அரசும் எந்தச் சாமியாரும் குறுக்கே வராத தனிமனிதன். ராஜாஜிக்கு இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தருமம். இத்தனை பேரும் ஒன்றாக எதிர்த்தது ஒன்றே ஒன்று: அரசாங்கம் எல்லாவற்றிலும் கை வைப்பதை. "பெர்மிட் - லைசென்ஸ் - கோட்டா ராஜ்யம்" என்று ராஜாஜி வைத்த பெயர் இன்றுவரை புழங்குகிறது. எதிர்ப்புக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் கூட்டம் சேர்ந்துவிடும். சேர்ந்த கூட்டம் நாளைக்கு எதைக் கட்டப் போகிறது என்பது அப்புறம் வரும் கேள்வி.

அந்தக் கேள்வி வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் 21-ஆவது கொள்கை. ஒரு கட்சி தன் அடிப்படைக் கொள்கைக்கு வெளியே உள்ள எல்லா விஷயங்களிலும் உறுப்பினருக்குக் கருத்துச் சுதந்திரம் தருவதே ஜனநாயகத்துக்கு நல்லது, ஆகவே மேலே சொன்ன கொள்கைகளுக்குள் வராத எதிலும் எங்கள் உறுப்பினர் தம் விருப்பப்படி நடக்கலாம் என்பது அதன் சாரம். நம் நாட்டில் ஒரு கட்சி தன் சட்ட திட்டத்திலேயே "நீ என்னோடு முரண்படலாம்" என்று எழுதிக் கொடுத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. கேள்வி கேட்டவனைத் துரோகி என்று ஒரே மூச்சில் தள்ளிவைக்கும் வழக்கம் எல்லாப் பக்கமும் பெருகிவிட்ட நாளில், அது சாதாரணக் காரியம் இல்லை.

ராஜாஜியே அதற்கு முதல் சாட்சி. 1937-ல் முதலமைச்சரானதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். அது அவர் உயிர்க் கொள்கை. ஆனாலும் தாமே தொடங்கிய கட்சியின் 21 கொள்கைகளில் அதைத் திணிக்கவில்லை. குடிப்பதும் குடிக்காததும் அவரவர் பாடு, அரசுக்கு அதில் என்ன வேலை என்று நினைக்கும் மசானியும் தம்மோடு இருக்க வேண்டும் என்பதற்காக விட்டுக் கொடுத்தார். விட்டுக் கொடுத்தாரே தவிர விட்டுவிடவில்லை. 1971-ல் தமிழகத்தில் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்றபோது, 92 வயதில் தாமே முதலமைச்சர் கலைஞரைத் தேடிப் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கட்சியின் பெயரால் கட்டளையிட முடியாததைத் தனி மனிதராக நின்று மன்றாடினார். இதில் எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதை, அவருடைய மற்ற கருத்துகள் பலவற்றோடு நான் மாறுபட்டாலும் குறைவதில்லை.

அடுத்தது மொழி. இதுதான் கூர்மையான இடம். இந்தியை ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டு தவணை கொடுத்த அரசியல் சட்ட ஏற்பாட்டுக்கு முன்ஷி - அய்யங்கார் சூத்திரம் என்று பெயர். அந்த முன்ஷி கட்சியின் துணைத் தலைவர். அந்தத் தவணை 1965 ஜனவரியில் முடிந்தபோது அதை எதிர்த்து வாரம் தவறாமல் எழுதியவர் கட்சியை நிறுவிய ராஜாஜி. அந்த ராஜாஜிதான் 1938-ல் பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிளவு கட்சிக்குள் மட்டும் ஓடவில்லை, ஒரே மனிதரின் வாழ்க்கைக்கு ஊடாகவும் ஓடியது.

1967 தேர்தலைப் பாருங்கள். சென்னை மாநிலத்தில் சுதந்திராக் கட்சி அண்ணாவோடு கூட்டணி. இந்தி எதிர்ப்பின் சூடு ஆறாத தேர்தல் அது. அந்த அணியில் மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது. கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று 1952-ல் அறிவித்த ராஜாஜி அதே அணிக்காக ஓட்டுக் கேட்டார். அதே மாதம் ராஜஸ்தானத்தில் சுதந்திராக் கட்சி, இந்தியை உயர்த்திப் பிடித்த ஜனசங்கத்தோடு கூட்டணி. இரண்டு இடத்திலும் சின்னம் அதே நட்சத்திரம். இங்கே 20 சட்டமன்ற இடம் கிடைத்தது, அங்கே 48. சென்னை மாநிலத்தில் நட்சத்திரத்துக்குக் குத்தியவரையும் ஜெய்ப்பூரில் குத்தியவரையும் ஒரு அறையில் உட்கார வைத்து மொழியைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரும் உட்கார வைக்கவில்லை. 21-ஆவது கொள்கை இருக்கிறதே, அவரவர் கருத்து அவரவருக்கு.

இங்கேதான் கும்பகோணத்துத் தாத்தாவின் பென்சில் எழுத்து எனக்கு உறைத்தது.

அவருக்கு ஆறு மா நிலம் இருந்ததாக ஆசிரியை எழுதியிருக்கிறார். ஏக்கரில் சொன்னால் இரண்டு. மிராசுதார் இல்லை, பண்ணையாளும் இல்லை. சொந்தக் கையால் உழுது, அறுப்புக்கு நாலு பேரைக் கூலிக்குக் கூப்பிடுகிறவர். ரங்காவின் பேச்சைக் கேட்டுத்தான் கட்சியில் சேர்ந்தாராம். கூட்டுப் பண்ணை வந்தால் அந்த ஆறு மா போய்விடும் என்ற பயம் அவரை அங்கே கொண்டுவந்தது. அதே ஊரில் எண்பது வேலிக்காரரும் அதே கட்சியில் சேர்ந்தார். பயம் இருவருக்கும் ஒன்று, நிலம் ஒன்று இல்லை. "கூட்டங்களில் தாத்தா பின்னால் பெஞ்சில் உட்காருவார், பண்ணையார் நாற்காலியில் உட்காருவார்" என்று ஆசிரியை ஒரு வரி எழுதியிருக்கிறார். தம் அம்மா சொல்லிக் கேட்டதாம்.

அந்தக் கட்சியின் உண்மையான பிளவு அந்த நாற்காலிக்கும் பெஞ்சுக்கும் நடுவில் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தலைவர்கள் மொழியில் மாறுபட்டார்கள், மதுவில் மாறுபட்டார்கள். அதெல்லாம் நாகரிகமான மாறுபாடு. நிலத்தில் மாறுபாடு இருந்ததை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. உச்சவரம்பை எதிர்த்தார்கள். நிலச் சட்டங்களை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி காப்புக் கொடுத்த 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை 1964-ல் கடுமையாக எதிர்த்தார்கள். சொத்துரிமை என்ற பெரிய குடையின் கீழ் ஆறு மாவும் எண்பது வேலியும் ஒன்றாக நின்றன. குடைக்கு வெளியே நனைந்துகொண்டிருந்த நிலமற்றவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் சமநீதி, சம வாய்ப்பு என்ற நல்ல வார்த்தைகள் உண்டு. உழுகிற கைக்கு நிலம் எப்படி வரும் என்பதற்கு விடை இல்லை.

இத்தனைக்கும் ராஜாஜிக்கு இது தெரியாத விஷயம் இல்லை. 1952-ல் முதலமைச்சராக வந்ததும், தஞ்சை மாவட்டத்தில் வாரக் குடிகளையும் பண்ணையாட்களையும் நினைத்தபடி வெளியேற்ற முடியாதபடி அவசரச் சட்டம் கொண்டுவந்தது அவருடைய அரசு. தஞ்சை மிராசுதார்கள் அன்று கொதித்துப் போனார்கள். கொதித்துப் போனவர்களையும் ஏழு ஆண்டு கழித்து அவருடைய கட்சிதான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அவசரச் சட்டத்தைப் போட்ட கையைப் பற்றிக் கட்சி மாநாட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருக்கலாம். நாம் காக்க வந்தது உழவனையா, உடைமையையா என்று வெளிப்படையாக மோதியிருக்கலாம். சிலர் வெளியே போயிருப்பார்கள். இருப்பவர்கள் எதற்காக இருக்கிறோம் என்று தெரிந்து இருந்திருப்பார்கள்.

பேசாமல் வைத்த மாறுபாடு ஆளை ஒவ்வொருவராகக் கழற்றியது. பீகாரில் 50 சட்டமன்ற இடங்களைக் கொண்டுவந்த ராம்கர் ராஜா, சில ஆண்டுகளில் தம் ஆட்களோடு கிளம்பிவிட்டார். அவருக்குக் கட்சி ஒரு சத்திரம். 1969-ல் இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோதும், மன்னர் மானியத்தில் கைவைத்தபோதும் சுதந்திராக் கட்சி இரண்டையும் எதிர்த்தது. கொள்கைப்படி சரிதான். ஆனால் மக்கள் கண்ணுக்கு அது வங்கி முதலாளிக்கும் ராஜாவுக்கும் வக்காலத்து வாங்கிய கட்சியாகவே தெரிந்தது. ஆறு மா தாத்தாவுக்காக அந்தக் கட்சி என்ன செய்தது என்று சொல்ல மேடையில் ஆள் இல்லை. 1971-ல் ஸ்தாபன காங்கிரஸ், ஜனசங்கம், சம்யுக்த சோஷலிஸ்ட் என்று எல்லோரோடும் சேர்ந்து ஒரு மகா கூட்டணி. சோஷலிசத்தை எதிர்க்கப் பிறந்த கட்சி சோஷலிஸ்டுகளோடு தோள் சேர்ந்து நின்றது. தமிழகத்தில், 1954-ல் ராஜாஜி விலகிய நாற்காலியில் அமர்ந்த காமராஜரும் ராஜாஜியும் ஒரே மேடைக்கு வந்தார்கள். முடிவு, 8 இடம். ராஜ்கோட்டில் தோற்ற மசானி, தாம் அப்போது வகித்த கட்சித் தலைமையை விட்டு விலகினார். ரங்காவும் தோற்றார், பின்னர் காங்கிரசுக்கே திரும்பி, 1980-ல் குண்டூரிலிருந்து காங்கிரஸ் உறுப்பினராக மக்களவைக்குப் போனார். 1972 கிறிஸ்துமஸ் அன்று ராஜாஜி காலமானார்.

1974-ல் பிலு மோடியின் தலைமையில் கட்சி, சரண் சிங்கின் கட்சியோடும் வேறு சிலவற்றோடும் இணைந்து பாரதிய லோக் தளமானது. சரண் சிங் யார்? 1959-ல் நாகபுரியில் காங்கிரசுக்குள்ளேயே எழுந்து நின்று கூட்டுறவுப் பண்ணையை எதிர்த்தவர். உத்தரப் பிரதேசத்தில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டத்தை வடித்தவரும் அவரே. சிறு உழவனின் வரப்பைக் காக்க வேண்டும், ஜமீன்தாரின் பிடியை உடைக்க வேண்டும் என்ற இரண்டையும் ஒரே வாயால் சொன்ன மனிதர். சுதந்திராக் கட்சி தனக்குள் பேசியிருக்க வேண்டிய விவாதத்துக்கு அவர் வெளியிலிருந்து விடை வைத்திருந்தார். கட்சி அதைப் போய்ச் சேர்ந்தபோது தன் பெயரையும் சின்னத்தையும் கொடுத்துவிட்டுத்தான் சேர வேண்டியிருந்தது.

21-ஆவது கொள்கை தவறா என்று அந்த ஆசிரியை தம் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறார். என் பதிலை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கொள்கை சரி. அதைப் பயன்படுத்திய விதம் தவறு. மாறுபட உரிமை கொடுத்தவர்கள், மாறுபாட்டைப் பேசக் கூடம் கொடுக்கவில்லை. மொழி, மது, குத்தகை, கூலி என்று சனங்களின் சோற்றோடும் பேச்சோடும் ஒட்டியது எல்லாம் "கொள்கைக்கு வெளியே" போய்விட்டது. உள்ளே மிஞ்சியது அரசை எதிர்ப்பது ஒன்றுதான்.

ஆனாலும் அந்தக் கொள்கை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. பணத்துக்கும் பதவிக்கும் தாவுவதைத் தடுக்க வந்த சட்டம், வர வேண்டியதுதான். அதன்படி கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரும். மனசாட்சிக்காக மாறி வாக்களித்தவரும் பெட்டிக்காக மாறியவரும் அதன் முன் ஒன்றுதான். கொறடா உத்தரவு போடாமல் உறுப்பினரைத் தம் மனம்போல் வாக்களிக்க விடுவதற்குச் சட்டத்தில் இன்றும் இடம் இருக்கிறது. எந்தக் கட்சிக்கும் அதற்கு மனம் இருப்பதாகத் தெரியவில்லை. நான் இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று பிரித்துச் சொல்லவில்லை. எல்லாக் கட்சியிலும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் வாசகர்களாக இருக்கிறார்கள். அவர்கள் கடிதங்கள் எனக்கு வருகின்றன. "எங்கள் கட்சியில் இதைக் கேட்டால் எதிரணிக்காரன் என்கிறார்கள், பெயர் போடாதீர்கள்" என்று கடைசி வரியில் எழுதுகிறார்கள். அந்தக் கடைசி வரி இல்லாத கடிதம் வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

ராஜாஜி "ஸ்வராஜ்யா" வார இதழில் எழுதிய பத்திக்கு "அன்புள்ள வாசகருக்கு" என்ற பொருள்படத்தான் தலைப்பு. கட்சியின் செயற்குழுவுக்குச் சொல்ல முடியாததையும் அவர் வாசகருக்குச் சொன்னார். ஒரு பத்திரிகைக்கு அந்த மரியாதை கிடைப்பது பெரிய பேறு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சுதந்திராக் கட்சியிலோ, அதை எதிர்த்த கட்சிகளிலோ இருந்திருந்தால், அவர்கள் தங்கள் கட்சிக்குள் எதற்காவது எதிர்க் குரல் கொடுத்திருந்தால், அந்த நினைவை எழுதி அனுப்புங்கள். பழைய நோட்டீஸ், உறுப்பினர் அட்டை, ஓரத்தில் பென்சிலால் எழுதிய புத்தகம் எதுவானாலும் சரி; அசலை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பினால் போதும். வருகிற இதழ்களில் அவற்றுக்கென்று நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். கும்பகோணத்துத் தாத்தாவின் கேள்விதான் முதல் பக்கத்தில் வரும். அவருடைய பேத்தி சம்மதம் சொல்லிவிட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்